அவன் மாட்டிய பெல்ட்

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மூன்றில் மெஷின்தான் முனகாமல் ஓடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் மூன்று தடவை என் வீட்டில் போன் அடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நீயாகத்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே. என் பிள்ளை போன சேதி வந்தது அந்தப் போனில்தான். அதற்குப் பிறகு மணி அடித்தால் எடுக்கக் கை வருவதில்லை. என்னுடையது ஐந்தாம் வகுப்பு எழுத்து. ஆனாலும் எழுதினால் அழாமல் சொல்லி முடிக்கலாம்.

எங்கள் சீட் கவர் கடைக்கு ஒரு பந்தயக் கார் வந்திருக்கிறது, சீட்டுக்குத் துணி மாற்ற. கொண்டுவந்த மெக்கானிக்கின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரும் நட்டு என்கிறார்கள். கையில் எப்போதும் ஒரு நட்டை உருட்டிக்கொண்டேதான் பேசுவார். அந்தக் காரில் ரேஸ் பெல்ட் பார்த்தேன். பார்த்ததும் அவன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ இன்னும் அவன் காரில்தான் வேலைக்குப் போகிறாயா? அவன் மாட்டிய அந்த ரேஸ் பெல்ட்டைத்தான் போடுகிறாயா? ஒரு வேலை செய். சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார். தோள் பெல்ட் இரண்டும் எங்கே போய் முடிகிறது என்று எனக்கு எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த தரையில் உட்காராதீர்கள். எங்கள் லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. இந்த மாதம் மட்டும் பதினாறு பல் செட். இந்த ஊரில் யாருக்குமே சொந்தப் பல் இல்லை போல.

நீங்கள் கேட்டபடி பார்த்தேன். ஸ்கேல் வைத்தே பார்த்தேன், பல் செய்கிறவளின் பழக்கம். தோள் பெல்ட் இரண்டும் சீட்டின் முதுகைத் தாண்டி அப்படியே கீழே இறங்கி, பின் சீட்டின் காலடியில், தரையில் ஒரு போல்ட்டில் சேர்கின்றன. தோள் உயரத்திலிருந்து ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் கீழே. இடுப்பு பெல்ட் இரண்டும் பழைய பெல்ட் இருந்த ஓட்டைகளில் இருக்கின்றன. காரோடு வந்த பெல்ட்டை அவர் கழற்றிப் போட்டுவிட்டார். "இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடறது" என்றார்.

போக நாற்பத்திரண்டு கிலோமீட்டர், வர நாற்பத்திரண்டு. முன்னாலும் பின்னாலும் டேங்கர் லாரிகள். அந்தப் பெல்ட் போடாமல் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்து, "மூச்சை விடு... இன்னும் விடு" என்று இழுத்து எனக்கென்று அளவு வைத்தார். அந்த அளவை நான் மாற்றவே இல்லை. எங்கள் லேபில் இப்படி அமைந்தால் வாயோடு பிறந்த பல் என்போம்.

சும்மா கேட்கிறவர் இல்லையே நீங்கள். எதற்காகக் கேட்டீர்கள்?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 22

அன்பு மருமகளே,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன் என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறாய். அதனால் நம்பவில்லை. அடுத்த தடவை என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

இதை எப்படிச் சொல்வதென்று நாலு நாள் யோசித்தேன். போய்ச் சேர்ந்த பிள்ளையைப் பற்றி நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஆனால் தினமும் அதில் போவது நீ.

நீ எழுதியதை நட்டுவிடம் படித்துக் காட்டினேன். அவர் கையில் உருண்டுகொண்டிருந்த நட்டு நின்றுவிட்டது.

"யாரு அக்கா இதை மாட்டினது?"

"என் பையன்."

"வரச் சொல்லுங்க. நாலு சாத்து சாத்தறேன்."

"அவன் இல்லப்பா. செத்துட்டான். வண்டியில இல்ல, காய்ச்சல்ல."

பிறகு என்னைக் கடை பெஞ்சில் உட்கார வைத்து, என் இரண்டு தோளிலும் ஒரு கயிற்றைப் போட்டு, நேராகப் பின்னால் பிடித்துக்கொண்டார். "இப்ப முன்னால சாயுங்க" என்றார். சாய முடியவில்லை. பிறகு அதே கயிற்றை என் முதுகோடு கீழே, தரைப் பக்கம் பிடித்தார். "இப்ப சாயுங்க." சாயச் சாய அது என்னைப் பெஞ்சுக்குள் அமுக்கியது. நடுமுதுகில் சுருக்கென்றது.

"இதான்க்கா. எங்கயாவது மோதினா அந்தப் பெல்ட்டு உங்க பொண்ணைப் பிடிக்காது. மடக்கும்" என்றார்.

அவர் மூன்று தப்பு சொன்னார். முதல் தப்பு இதுதான். தோள் பெல்ட் தோளிலிருந்து நேராகப் பின்னால் போக வேண்டும், கொஞ்சம்போல இறங்கலாம். அதற்கு சீட்டுக்குப் பின்னால், வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கனமான இரும்புக் கம்பி வேண்டும். பெல்ட் நுழைய ஓட்டை வைத்த சீட்டும் வேண்டும். "முதல்ல கம்பி, அப்புறம் சீட்டு, கடைசியாத்தான் பெல்ட்டு. நம்ம பசங்க எல்லாரும் பெல்ட்டுல ஆரம்பிக்கிறானுங்க" என்றார். இரண்டாவது, தொடைகளுக்கு நடுவில் வருகிற வார் இல்லை. அது இல்லாமல் தோளை இறுக்கினால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். இடுப்பு எலும்பு தாங்க வேண்டியதைக் குடல் தாங்க வேண்டி வரும். எல்லா வண்டிக்கும் பொதுவாகவும் ஒன்று சொன்னார்: என்னதான் மாட்டினாலும், ரோட்டில் ஓடுகிற வண்டியில் கம்பெனி பெல்ட்டைக் கழற்றவே கூடாதாம்.

கண்ணு, அதைக் கழற்றிவிடு. உன் காருக்கு உண்டான பெல்ட்டை நட்டு வாங்கித் தருவார். அதுவரைக்கும் பஸ்ஸில் போ.

பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தை


மார்ச் 30

அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

கோபத்தில் எழுதக்கூடாது என்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கோபம் போகவில்லை, காகிதம்தான் தீர்ந்துவிட்டது.

அவர் அதை மாட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டார்ச் பிடித்தது நான். ஸ்பேனர் நழுவி அவர் மணிக்கட்டு கிழிந்தது. அந்தக் கறை பின் சீட்டின் காலடியில் இன்னும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தர், நட்டை உருட்டிக்கொண்டு, அவரை நாலு சாத்து சாத்துவேன் என்கிறார். நீங்களும் அதை எனக்கு வரி விடாமல் எழுதுகிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன அன்றே உங்கள் மாப்பிள்ளை வாசலில் நின்று, "வண்டி இனிமே யாருக்கு?" என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பெல்ட் தப்பு என்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் பிரேக் தப்பு, அதற்கடுத்ததில் வண்டியை அனுப்பிவிடு என்பீர்களா? வேண்டுமென்றால் நேராகவே கேளுங்கள்.

நான் கழற்றவில்லை. பஸ்ஸிலும் போகவில்லை.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளே,

உடம்பு சுமார்.

மாப்பிள்ளை கேட்டது என் காதில் விழவில்லை. அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. விழுந்திருந்தால் அவருக்கு உன் லேபிலிருந்து ஒரு பல் செட் வாங்க வேண்டி வந்திருக்கும்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. வண்டியை வைத்து நான் என்ன செய்வேன்? அது உன்னுடையது. நீ இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அத்தை


ஏப்ரல் 19

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு சுமார் என்றால் என்ன? முழங்காலா, மனசா? எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். பல் செட் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பதினோரு மாதத்தில் முதல் தடவை. பக்கத்து மேஜைக்காரி பயந்து கையிலிருந்த கடைவாய்ப் பல்லைக் கீழே போட்டுவிட்டாள். நான் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பிப்ரவரி கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நட்டு மூன்று தப்பு சொன்னார் என்று இருக்கிறது. ஆனால் எழுதியிருப்பது இரண்டுதான். தாள் ஏதாவது விட்டுப்போனதா என்று உறையை உதறிக்கூடப் பார்த்தேன். அந்த மூன்றாவது என்ன?

வண்டி இன்னும் ஓட்டுகிறேன். பொய் சொல்ல விருப்பமில்லை.

உங்கள் மருமகள்


மே 10

என் கண்ணு,

நலமா என்று உன்னைக் கேட்க இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. நாளை மறுநாளோடு ஒரு வருஷம்.

மூன்றாவது தப்பு அவனுடையது இல்லை. என்னுடையது.

போன வருஷம் அந்தப் பெல்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தான். யாரோ போட்டுப் பழகியதை வாங்கியிருந்தான். "அம்மா, தோள் வார் ரொம்ப நீளம். பின்னாடி கால்ல சிக்குது. வெட்டித் தைச்சுக் குடு" என்றான். ஒவ்வொன்றிலும் ஒரு முழம் வெட்டினேன். முனையை நெருப்பில் காட்டிப் பிசிறில்லாமல் பண்ணி, மடித்து, போல்ட் தகட்டுக்கு வளையம் வைத்து, கட்டம் கட்டி நடுவில் பெருக்கல் போட்டுத் தைத்தேன். சோபாவுக்குப் போடுகிற நூல், பதினெட்டாம் நம்பர் ஊசி. வாரில் ஒரு துணிச் சீட்டு இருந்தது, கழுத்தில் உறுத்துமே என்று அதையும் கத்தரித்துப் போட்டேன். பெல்ட் எந்த வருஷத்தது, எத்தனை வருஷம் உழைக்கும் என்று அதில்தான் போட்டிருப்பார்களாம். நான் கண்டேனா?

இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். கட்டைவிரலால் தையலைத் தடவினான். "அம்மா, கம்பெனிக்காரன் தோத்தான் போ" என்றான். அதற்குப் பிறகு அவன் என் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நீ சொன்னபோது கையில் பஸ் சீட் வேலை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது.

அவன் என்னை மெச்சிய கடைசி வேலை அது. அதைத் தப்பு என்று எழுத வேண்டியிருந்தது. அவன் தப்பை எழுதக் கை வந்தது, என் தப்பை எழுத வரவில்லை. இரண்டோடு நிறுத்திவிட்டேன். நட்டு அன்று மூன்றாவதாகச் சொன்னது இதுதான்: "இந்த வாரை யாராவது வெட்டித் தைச்சிருந்தா அவங்க கையை ஒடிக்கணும்க்கா." நான் கையை ரெக்ஸினுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நீ கேட்ட பிறகு அவரிடம் சொன்னேன். வெட்டிய துண்டு இரண்டும் என் பாபின் டப்பாவில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஒன்றோடு ஒன்று அதே நூலில், அதே ஊசியில், அதே மாதிரி தைத்து எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். சத்தியமாக, முன்பைவிட நன்றாகவே தைத்திருந்தேன். ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையைச் செயின் பிளாக்கிலும் மாட்டினார், அதுதான் எஞ்சினைத் தூக்குகிற சங்கிலி. முதலில் கம்பெனித் தையல் போட்ட பெல்ட் ஒன்றை இழுத்துக் காட்டினார். இழுக்க இழுக்க வார் கம்பி மாதிரி விறைத்தது, தையல் அசையவில்லை. பிறகு என்னுடையது. இரண்டு இழுப்பு தாங்கியது. மூன்றாவதில் டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் மழை பிடிக்கிற மாதிரி டிக் டிக் டிக் என்று வரிசையாக விட்டுக்கொண்டே போனது. துணி கிழியவில்லை, என் நூல்தான் அறுந்தது. ஒரு துண்டு தரையில் விழுந்தது.

"ஓடற வண்டி டக்குனு நின்னா மனுஷன் இருபது மடங்கு கனம்க்கா. சீட் கவர் நூலு சீட் கவருக்குத்தான்" என்றார். என் கையை ஒடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு பேரும் ஆசையாகத்தான் செய்தோம். டேங்கர் லாரிக்கு அது தெரியாது. நீ தினமும் என் தையலை நம்பி உட்காருகிறாய். மெஷினில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

கழற்றிவிடு கண்ணு. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. பயந்திருப்பீர்கள். இருக்கிறேன், நலமாகவே. உங்கள் கடிதம் வந்த மறுநாளிலிருந்து பஸ்ஸில்தான் போகிறேன். அதை அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் கழற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும், அதனால்தான் எழுதவில்லை.

நீங்கள் உங்களுடையதைச் சொன்னீர்கள், என்னுடையதை நான் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல், நிற்கிற வண்டியில் ஏறி உட்காருவேன். பெல்ட்டைப் போடுவேன். மூச்சை முழுதாக விட்டால்தான் கொக்கி சேரும். சேர்ந்ததும் நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். இப்போதெல்லாம் என்னை வேறு எதுவும் அப்படிப் பிடிப்பதில்லை. பத்து நிமிஷம் இருந்துவிட்டு இறங்கிப் போய்ச் சமைப்பேன்.

போன வாரம் கொக்கி சேரவில்லை. எவ்வளவு மூச்சு விட்டும் சேரவில்லை. யாராவது கை வைத்துவிட்டார்களோ என்று ஸ்கேல் எடுத்து அளந்தேன், அளவு அப்படியேதான் இருந்தது. அத்தை, நான் குண்டாகிவிட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டீர்களே, எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

பல் செட்டும் இப்படித்தான். செட் மாறாது, ஈறு மாறிவிடும். நாலைந்து வருஷம் கழித்து வந்து, "நீங்க தப்பா அளவெடுத்துட்டீங்க" என்று எங்களிடம் சண்டை போடுவார்கள். வாரைத் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தினால் அது அவர் வைத்த அளவு இல்லை.

மறுநாள் ஸ்பேனரை எடுத்தேன். முதல் போல்ட்டில் வைத்தேன், திருப்ப முடியவில்லை. பலம் இல்லாமல் இல்லை. நீங்கள் வர முடியுமா? இங்கே ஒரு மெக்கானிக் பழைய வண்டியிலிருந்து எடுத்த பெல்ட் தருகிறேன் என்கிறார். வாங்கி வைக்கவா?

உங்கள் மருமகள்


ஜூலை 8

என் கண்ணு,

உன் கடிதம் வந்ததிலிருந்து முழங்கால் வலியைக் காணோம். நீ குண்டானதைக் கடை முழுக்கச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பழைய வண்டிப் பெல்ட் வேண்டவே வேண்டாம். அது மோதின வண்டியாக இருந்தால், ஒரு தடவை இழுபட்ட பெல்ட்டை மறுபடி நம்ப முடியாது. உன் காருக்கே உண்டான புதுப் பெல்ட் முன் சீட் இரண்டுக்கும் வந்துவிட்டது. தோள் வாரைத் தரையில் மாட்டுவதற்காகப் பின் சீட் பெல்ட் ஒன்றின் போல்ட்டை அவன் எடுத்திருப்பான், அதையும் சரி பண்ண வேண்டும். நட்டு தானும் வருகிறேன் என்கிறார். "ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவு இறுக்கம்னு கணக்கு இருக்குக்கா, நீங்க தம் கட்டி இறுக்கினா ஆகாது" என்கிறார். உனக்குச் சம்மதம்தானே? யாரையும் சாத்த மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். கடையில் எந்த வேலை வந்தாலும் வருவேன்.

அத்தை


ஜூலை 17

என் கண்ணுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வழி முழுக்க நட்டு என் தோளில் தூங்கினார். முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கவலைப்படாதே. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அவரே பாதிக்கு மேல் முடித்துவிட்டார்.

பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போடாமல் வெட்டியது நல்லது. விட்டிருந்தால் வேறு எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான். என் தையலை நானே முதலில் வெட்டியதில் எனக்கு ஒரு நிம்மதி. கத்தரி இறங்காமல் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது, "உங்க பிள்ளை மாதிரியே பிடிவாதம் அத்தை இதுக்கு" என்றாயே, பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றை நேரில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் சரியாக வராது, அதனால் எழுதுகிறேன்.

எங்களை பஸ் ஸ்டாண்டில் விட வந்தாயே, அப்போது மூலையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். நீ பிரேக்கை அழுத்தினாய். புதுப் பெல்ட் டக்கென்று என்னைப் பிடித்தது. இத்தனை வருஷம் சீட் கவர் தைக்கிறேன், பெல்ட் ஒரு ஆளைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அதற்கும் முன்னால் உன் கை வந்துவிட்டது, என் நெஞ்சுக்குக் குறுக்கே.

பின் சீட்டிலிருந்து நட்டு கத்தினார். "ஏம்மா, அதான் பெல்ட்டு இருக்கே, கை எதுக்கு? கை ஒண்ணும் தாங்காது!" நீ, "தெரியும், தானா வந்துடுச்சு" என்று கையை ஸ்டியரிங்குக்கு எடுத்துக்கொண்டாய்.

அவர் சொன்னது சரிதான். கணக்குப் போட்டால் ஒரு கை எதையும் தாங்காது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து நாலு நாள் ஆகிறது. மெஷினில் குனிகிறபோதெல்லாம் அந்தக் கை இருந்த இடம் தெரிகிறது.

நிதானமாக ஓட்டு.

அத்தை